அந்த நீச்சல் குளமும் அதன்மேல் விழும் விளக்கும்

புகைப்படச் சட்டத்தின் கண்ணாடி விரிசல் விட்டதால் அதை மாற்றிக்கொண்டு வந்த அன்றே, தாமும் இதே படத்தை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்லிம் ஆரன்ஸ் 1970-இல் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் எடுத்த படம் அது: கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்த காஃப்மன் வீடு, பின்னால் மலை, நீலக் குளத்தின் கரையில் சாய்ந்தமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள்.

2020-இல் இதன் பெரிய அச்சை வாங்கி, அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். அவர் படுத்த படுக்கையாக இருந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்கு வந்தவர்களும் தொலைபேசியில் அழைத்தவர்களும் என்னிடம் அவருடைய நிலையைத்தான் கேட்டார்கள்; அக்கறையோடுதான் கேட்டார்கள் என்றாலும், ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துபோனேன். அந்தப் பெண்கள் என் பக்கம் திரும்புவதே இல்லை. அவர்கள் பேச்சு அவர்களுக்குள், வெயில் அவர்கள்மீது, என்னிடமிருந்து அவர்களுக்கு எதுவும் வேண்டியதில்லை. அந்த அலட்சியம் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

நோயாளி இருக்கும் அறையில் பணக்காரர்களின் ஓய்வை மாட்டி வைத்திருக்கிறோமே என்ற கூச்சமும் இருந்தது. ஆரன்ஸ் இரண்டாம் உலகப் போரில் இராணுவப் புகைப்படக்காரராகப் பணியாற்றிக் காயமும் பட்டவர் என்று அறிந்த பிறகு அது பெரிதும் குறைந்தது. போரை அத்தனை அருகில் நின்று பார்த்த ஒருவர், அதற்குப் பின் இந்த வெயிலைத் தேடிப் போனதில் எனக்கு வியப்பே இல்லை.

ஆனால் அந்தக் கண்ணாடி! சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால், மாலையில் அறை விளக்கைப் போட்டால் அதன் வெள்ளைக் கோடு சரியாகக் குளத்தின் நடுவே விழும். நாற்காலியை நகர்த்தினால் அந்தப் பெண்களின் முகத்தின்மேல் ஏறும். சொரசொரப்பான, பளபளப்பில்லாத கண்ணாடியும் போட்டுப் பார்த்தேன். கோடு மங்கியது, கூடவே குளத்தின் நீலமும் மங்கியது. ஒளியெதிர்ப்புப் பூச்சுள்ள கண்ணாடி இக்குறையைப் பெருமளவு தீர்க்கும் என்றாலும் அதன் விலை கட்டுப்படியாகவில்லை. ஆகவே இப்போது மாற்றியதும் பழைய வகையே, கோடும் பழைய இடத்திலேயே. அச்சின் நிறம் இத்தனை ஆண்டுகளில் சற்றும் மங்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

நண்பருக்கு, வாங்க வேண்டாம் என்றே எழுதினேன். பகலெல்லாம் மருந்துக்கும் கஞ்சிக்கும் ஓடுகிறவர் இந்தப் படத்தின் எதிரே உட்கார விளக்கு வைத்த பிறகுதான் நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில்தான் இதைப் பார்க்க முடிவதில்லை.