செஸ் பள்ளத்தாக்குச் சேற்றில் பல குளிர்காலங்கள்: தோல் பூட்ஸும் கெய்ட்டரும்

லண்டனுக்கு வடமேற்கே, செஷமிலிருந்து ரிக்மன்ஸ்வர்த் வரை செஸ் ஆற்றை ஒட்டிப் போகும் நடைபாதை சுமார் 16 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் லண்டன் அண்டர்கிரவுண்ட் ரயிலின் மெட்ரோபாலிட்டன் லைன் நிலையம் இருப்பதால் கார் வேண்டாம். பல வருடங்களாக டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நண்பர்களோடு இங்கேதான் நடக்கிறேன். காலில் எப்போதும் அதே ஜோடி தோல் பூட்ஸ், அதன்மேல் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை மூடும் கெய்ட்டர் என்ற காலுறை. ஒரு வாரம் போட்டுப் பார்த்து எழுதும் விமர்சனங்களில் கிடைக்காத விவரங்களை இங்கே சொல்கிறேன்.

முதலில் சேறு. இந்தப் பள்ளத்தாக்கில் அது ஒரே மாதிரி இருக்காது. அடியில் சுண்ணாம்புப் பாறை. மேட்டில் அதன்மேல் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண். சரட் கிராமத்தின் சர்ச் எண்ட் பக்கம் ஏறும்போது அந்தக் களி சோலில் அப்பிக்கொண்டு, பத்து அடிக்குள் பூட்ஸின் எடையைக் கூட்டிவிடும். கீழே ஆற்றோரப் புல்வெளியில் இருப்பது வழுக்கும் வண்டல். குதிரைகள் போகும் பாதைகளில் குளம்புக் குழிகளில் தண்ணீர் நின்று கணுக்கால்வரை உள்ளே இழுக்கும். சோலில் பள்ளங்கள் ஆழமாக இருந்தால் மட்டும் போதாது, இடைவெளியும் அகலமாக வேண்டும். நெருக்கமான பள்ளங்களில் களி அடைத்துக்கொண்டால் பிடிமானமே போய்விடும். அகலமான பள்ளங்கள் நடக்க நடக்கத் தாமே உதறிக்கொள்ளும். வாங்கும்போது நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அடிப்பக்கத்தைத்தான்.

கெய்ட்டர் இல்லாமல் இந்த நடையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உடை நனையாது என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சேற்றுக்குப் பயந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள். அடுத்து வருபவர் இன்னும் ஓரமாக. ஒரே குளிர்காலத்தில் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை அகலத்துக்கு விரிந்து, பக்கத்தில் முளைவிட்டிருக்கும் கோதுமையும் மிதிபடும். வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை உழுது விதைத்தால், 14 நாளுக்குள் விவசாயி அதை மறுபடி நடக்கும்படி செய்து தர வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். அவர் அதைச் செய்யும்போது பாதைக்குள்ளேயே நடப்பது நம் கடமை. புதிதாக வரும் தம்பி தங்கைகள் "அக்கா, இந்தப் பக்கமா சுத்திப் போலாமா?" என்றால் என் பதில் ஒன்றுதான்: "வேண்டாம்ப்பா, நடுவுலயே வா." கெய்ட்டர் அந்தத் தைரியத்தைத் தருகிறது.

அதன் பலவீனம் பாதத்துக்கு அடியில் போகும் பட்டை. சிக்கிமுக்கிக் கல்லின் கூரான விளிம்பில் உரசி உரசி முதலில் தேய்வது அதுதான். என்னுடையது நடுவழியில் அறுந்தபோது ஷூலேஸைக் கட்டிச் சமாளித்தேன். பட்டையை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். முன்பக்க வெல்க்ரோவில் களி ஏறினால் பிடிக்காது. வீட்டில் பழைய பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்ய வேண்டும். செஷமுக்கு முந்தைய நிலையமான சால்ஃபண்ட் அண்ட் லாட்டிமரிலிருந்து செஷம் வரை 6 கிலோமீட்டருக்கு மேல், லண்டன் அண்டர்கிரவுண்டில் அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையே மிக நீண்ட தூரம். ரயிலிலேயே நிதானமாகக் கெய்ட்டர் மாட்ட அந்த நேரம் போதும்.

பூட்ஸுக்கு உள்ளே நீர்புகாத படலம் உண்டு. முதல் குளிர்காலத்தில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சாக்ஸ் ஈரமாகத் தொடங்கியது. பலர் இந்தக் கட்டத்தில் ஓட்டை என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் வெளித்தோல் தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போவதுதான் காரணம்: வியர்வை ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகிறது. தோலுக்கு உரிய மெழுகைத் தடவியதும் என் பூட்ஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் சேற்றைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, காற்றோட்டமான இடத்தில் வைக்கிறேன். ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. தோல் வெடிக்கும், பசை விடும்.

முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். வழியில் உள்ள லாட்டிமர் கிராமத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்க அதுவே சிறந்தது. தண்ணீர் புகவே புகாது. முழு நடைக்கு ஒத்துவரவில்லை. குதிகால் ஒவ்வொரு அடிக்கும் தூக்கிக்கொண்டு, பாதி வழியிலேயே கொப்புளம் வந்துவிடுகிறது.

டிசம்பர் கடைசியில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சேற்றில் வேகமும் குறையும். ஆகவே ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடுவோம். அப்படியும் லாட்டிமரில் நிற்காமல் போவதில்லை: தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு குதிரையின் இதயம் அந்தக் கிராமப் புல்தரையில் புதைக்கப்பட்டிருக்கிறது. பாறைக்குள்ளிருந்து ஊறிவரும் தண்ணீர் கடும் குளிரிலும் 10 டிகிரியை ஒட்டியே இருப்பதால், உறைபனிக் காலையில் ஆற்றின்மேல் ஆவி எழும். அந்த வெதுவெதுப்பை நம்பித்தான் இங்கே வாட்டர்கிரெஸ் கீரைப் பாத்திகள் அமைந்தன. இந்த ஆற்றை மிகத் தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது இலை உதிர்ந்த இந்த மாதங்களில்தான். சர்ச் எண்டில் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்துக்கு அருகே உள்ள பப்பில் மதிய உணவு. கெய்ட்டரைக் கழற்றிவிட்டுப் பூட்ஸை வாசலில் துடைத்தால், தரையை அழுக்காக்காமல் உள்ளே போகலாம்.

சோல் இப்போது குதிகால் பக்கம் தேய்ந்திருக்கிறது. புது சோல் போடக்கூடிய வகை என்பதால் இந்தக் கோடையில் மாற்றக் கொடுக்கப்போகிறேன். நீங்கள் வாங்குவதானால், சோலுக்கு மேல் பாலியூரித்தேன் அடுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ஈரப்பதத்தில் அது வருடக்கணக்கில் சிதைந்து, அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் ஒருநாள் பொடிந்து போகலாம். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடைக்குப் போடப்போகும் அதே தடித்த கம்பளிச் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் அரை அளவு பெரிதாக எடுங்கள்.