பொறிவரைக்கு ஒருநாள் ஜீப் பயணம்: பாறை முன் நிற்க நேரமில்லை

நீலகிரியில் பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கும் பொறிவரைக்குக் கோத்தகிரியிலிருந்து ஜீப், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே வாடகை. வண்டியில் குறை இல்லை. சோலூர்மட்டம் தாண்டி வரும் வளைவுகளில் ஓட்டுநர் அவசரப்படுவதில்லை. புளிசாதமும் சுமார் ரகம். சொதப்பல் எல்லாம் பாறைக்கு முன்னால்தான்.

கரிக்கையூர் பொறிவரை 53 மீட்டர் நீளப் பாறை. அதற்கு இவர்கள் தருவது முக்கால் மணி நேரம். வெயிலில் நடந்து வந்த கண் நிழலுக்குப் பழகவே பத்து நிமிடம் போய்விடும். முதலில் வெள்ளை உருவங்கள்தான் தெரியும். செங்காவியில் தீட்டியவை பாறையின் பழுப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ஓரத்தில் தொடங்கி இரண்டு முழம் இரண்டு முழமாக நகர்ந்தால்தான் காட்டெருமையின் கொம்பும் குரங்கின் வாலும் பிடிபடும். இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

இதைவிட மோசம், படம் பளிச்சென்று தெரியட்டும் என்று வழிகாட்டி பாட்டில் தண்ணீரைத் தெளிப்பது. ஈரம் இருக்கும்வரை அழகுதான். காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து படிகமாகி, வெள்ளைப் படலமாக மூடும். காவியைப் பொருக்குப் பொருக்காக உரிக்கும். உரிந்தது உரிந்ததுதான். போகிறவர்கள் பெயர் கீறிவைத்த கொடுமை போதாதா?

தண்ணீருக்குப் பதில் கைபேசி போதும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, பாறை முழுக்க நிழலில் இருக்கும்போது, கை ஆடாமல் எடுங்கள். பாதி வெயில், பாதி நிழல் விழுந்த படம் உதவாது. பிறகு மங்கிய பாறை ஓவியங்களின் நிறத்தைத் தூக்கிக் காட்டும் டீஸ்ட்ரெட்ச் (DStretch) மென்பொருளில், சிவப்புக்கு ஏற்ற எல்ஆர்இ (LRE) முறையில் போட்டால், கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் கோடுகூட எழுந்து வரும்.

முன்பணம் கொடுக்கும் முன் வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றால் வேண்டாம். கரிக்கையூர் இருளர் ஒருவர் உடன் வருவாரா என்றும் கேளுங்கள். யானைத்தடம் அவர்களுக்குத்தான் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுவரை மழையில் தடம் வழுக்கும். பிப்ரவரிக்குப் பின் காட்டுத்தீப் பயத்தில் அனுமதி கிடைப்பது கடினம். ஜனவரிதான் தோது. உண்ணி ஏறும், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்.

ஜீப்புக்கு நான்கு நட்சத்திரம், வழிகாட்டிக்கு ஒன்று. காலை ஆறு மணிக்கே கிளம்பச் சம்மதித்தால் மட்டும் பேசி முடியுங்கள்.