டர்போ முன்னாலா, பின்னாலா?

பழைய காரில் டர்போ, அதாவது எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி, ஏற்ற நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இடத்தை. இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி வைத்தால் சூடான புகை வேகம் குறையாமல் டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும். மிதித்ததும் இழுவை கிடைக்கும். ஆனால் பானெட்டுக்குள் வெப்பம் கூடும், வயர்களுக்கு ஹீட் ஷீல்டு போட வேண்டும்.

பின்பக்கம் சைலன்சர் இடத்தில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. அழுத்திய காற்றும் நீண்ட குழாயில் கொஞ்சம் ஆறிவிடும். சரி, அப்புறம்தான் செலவு: டர்போ தாழ்வாக இருப்பதால் ஆயில் தானாக இன்ஜினுக்குத் திரும்பாது, தனி பம்ப் வேண்டும். இழுவையும் தாமதமாகும். நம் குமரியிலோ இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல் பக்கம் உப்புக்காற்று வேறு. ஏர் ஃபில்டரையும் அடியிலேயே மாட்டி, அது தண்ணீர் குடித்தால் இன்ஜினே போய்விடும். மார்த்தாண்டம் நெரிசலில் தினமும் ஓட்டுகிறவருக்கு முன்பக்கம்தான் என் ஓட்டு.