சாக்கியும் அஞ்செலாட்டியும்: பயிற்சியாளராக இரண்டு பாதைகள்

இத்தாலியப் பயிற்சியாளர் அரிகோ சாக்கி தொழில்முறைக் கால்பந்து ஆடியதே இல்லை. அப்பாவின் காலணித் தொழிலில் வேலை பார்த்தபடி உள்ளூர் அணிகளைப் பயிற்றுவித்தவர். 'குதிரை ஓட்டியாக வேண்டுமானால் முதலில் குதிரையாக இருந்திருக்க வேண்டுமா?' என்று அவர் கேட்டது பிரபலம். இத்தாலிய லீக்கின் மூன்றாம் பிரிவில் கிடந்த பார்மா அணியை மேலே ஏற்றினார். இத்தாலியக் கோப்பையில் அந்த அணி பெரிய கிளப்பான மிலானையே வீழ்த்தியது. மிலான் 1987இல் அவரைக் கூட்டிக்கொண்டது.

அதே ஆண்டு ரோமா கிளப்பிலிருந்து மிலானுக்கு ஆட வந்தவர் கார்லோ அஞ்செலாட்டி. முழங்கால் காயங்களால் 1982 உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பை இழந்த நடுக்கள வீரர். சாக்கியின் கீழ் 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்றார். 1994 உலகக் கோப்பையில் இத்தாலிய அணியைப் பயிற்றுவித்த சாக்கிக்கு உதவிப் பயிற்சியாளர். அப்புறம் 1995இல் ரெஜியானா கிளப்பில் தனிப் பொறுப்பு.

சாக்கிக்கு ஆட்டக்காரர் என்ற பெயர் கிடையாது, யோசனை மட்டுமே. அதனால் அதை விட்டுக்கொடுக்கவும் அவரால் முடியவில்லை. அஞ்செலாட்டியும் தொடக்கத்தில் குருவின் 4-4-2 அமைப்பை (நான்கு தற்காப்பு வீரர்கள், நான்கு நடுக்கள வீரர்கள், இரண்டு முன்கள வீரர்கள்) இறுகப் பிடித்திருந்தார். பார்மாவில் பயிற்சியாளராக இருந்தபோது, அந்த அமைப்பில் இடமில்லை என்று நட்சத்திரத் தாக்குதல் வீரர் ராபர்ட்டோ பாஜியோவையே வேண்டாமென்றார். பிறகு அதற்காக வருந்தி, மாறினார். மிலான் பயிற்சியாளராக, தாக்குதல் நடுக்கள வீரர் பிர்லோவைத் தற்காப்பு வரிசைக்கு முன்னால் வரை பின்னுக்கு இறக்கி ஆடவைத்தது அந்த மாற்றத்தின் பலன்.

புதுமையில் சாக்கிதான் பெரியவர். ஆனால், இளம் பயிற்சியாளர் ஒருவருக்கு நான் காட்டுவது அஞ்செலாட்டியின் பாதையைத்தான். வீரர்களுக்கு ஏற்ப அமைப்பை வளைக்கும் மனம் அவருக்கு ஐந்து சாம்பியன்ஸ் லீக் பட்டங்களைத் தந்திருக்கிறது.