எழுதுவதற்கு முன் வாசிக்க வைத்த கவிதை வகுப்பு

எட்டு வாரம் ஆன்லைனில் நடந்த கவிதைப் பயிற்சி வகுப்பு ஒன்றைப் போன வாரம்தான் முடித்தேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், தாராளமாகச் சேரலாம். ஒரு குறை மட்டும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் மூன்று வாரம் எழுதவே விடவில்லை. ஒரு கவிதையைக் கையால் படியெடுக்க வேண்டும், அப்புறம் அதை மூடி வைத்துவிட்டு ஒவ்வோர் அடியாகத் திறந்து, அடுத்து என்ன வரும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். குறுந்தொகை 40ஆம் பாடலுக்கே ஒரு முழு வகுப்பு போனது. மொத்தம் ஐந்து அடிதான். என் தாயும் உன் தாயும் யார் யாரோ, நம் தந்தையர் என்ன முறை, நாம் எப்படி அறிந்தோம் என்று முதல் மூன்று அடியும் கேள்விகள். அன்பு என்ற சொல் கடைசி அடியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய அடி, 'செம்புலப் பெயனீர் போல' (செம்மண்ணில் பெய்த மழைநீர் போல), நான்கு சீர் (அடியின் ஓசைத் துண்டு) இல்லாமல் மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பா என்ற பா வகையில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வரும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான், ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோதுதான் அந்த இடத்தில் மூச்சு தானாக நிற்பது புரிந்தது. மழை மண்ணுக்குள் இறங்க அந்த ஒரு சீர் இடம்விட்ட மாதிரி இருந்தது.

பாடல் வரிகளுக்கு இரண்டு வாரம். தத்தகாரம், அதாவது மெட்டின் அளவைக் காட்டும் 'தன தன்னா' போன்ற ஒலிகள், கொடுத்து, அதற்குச் சொல் போடச் சொன்னார்கள். மெட்டு நீளும் இடத்தில் நான் 'மனசு' என்று முடித்திருந்தேன், பாடிப் பார்த்தால் இழுக்கவே முடியவில்லை. 'நிலா' என்று மாற்றியதும் சரியாக உட்கார்ந்தது. குறில் நெடில் பார்த்துச் சொல் தேர்வது அன்றுதான் பழகியது.

இதெல்லாம் என் எழுத்தில் தெரிகிறது. அப்பாவைப் பற்றி வலி, ஏக்கம், கண்ணீர் என்று பதினான்கு வரி எழுதி வைத்திருந்தேன். அந்த மூன்று சொற்களையும் எடுத்துவிட்டு மறுபடி எழுதியபோது, வாசலில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த அவர் செருப்பு மட்டும் மிஞ்சியது. அதுதான் நான் சொல்ல வந்ததும்.

நான் சொன்ன குறை, கவிதைகளைத் திருத்தித் தருவதில்தான். ஒரு குழுவில் ஆட்கள் அதிகம், அதனால் நாம் அனுப்பும் கவிதைக்கு 'அருமை' என்று ஒரே வார்த்தை திரும்பி வருகிறது. எந்த வரி தொய்கிறது என்று யாராவது சொன்னால்தானே மாற்ற முடியும்? ஆறாவது வாரத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒருவர் கவிதையை இன்னொருவர் வாய்விட்டுப் படித்து, தடுக்கும் இடத்தில் கோடு போட்டுக்கொண்டோம். சேர்ந்தால் முதல் வாரமே அப்படி மூன்று நான்கு பேரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.