ஈசினோஃபிலை எண்ணுவதா, அது கக்கியதை அளப்பதா?

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு "ஈஸ்னோபீலியா இருக்கு" என்று சொல்வது நம் ஊரில் பழகிப்போன பேச்சு. அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஈசினோஃபில் என்ற வெள்ளணு ரத்தத்தில் எத்தனை இருக்கிறது என்பது. கூட்டத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது ஒரு கேள்வி, எத்தனை பேர் கல்லெறிந்தார்கள் என்பது வேறு கேள்வி. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குவது அந்தக் கல்தான்.

கல்லுக்குப் பெயர் இ.சி.பி., அதாவது ஈசினோஃபில் கேட்டயானிக் புரோட்டீன். ஈசினோஃபிலின் உள்ளே இருக்கும் துகள்களில் அடைத்து வைத்த புரதம். ஒட்டுண்ணிகளைத் தாக்க உதவும் இதே சரக்கு, ஒவ்வாமையில் நம் மூச்சுக்குழாயின் உள்தோல் மீதே கொட்டுகிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் 1970களிலிருந்து இதை ஆராய்ந்தவர்கள், ரத்தத்தில் இதை அளந்தால் அழற்சியின் வேகம் தெரியும் என்று நம்பினார்கள். நியாயமான நம்பிக்கைதான்.

சிக்கல் ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாயில் வந்தது. ரத்தம் உறையும் நேரத்திலும் ஈசினோஃபில்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குழாய்க்குள்ளேயே இ.சி.பி.யைத் தொடர்ந்து வெளியே விடுகின்றன. சூடு கூடினால் இன்னும் அதிகம், நேரம் கூடினாலும் அதிகம். அதனால்தான் 20 முதல் 24 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உடனே சுழற்றி, உறைந்த பின் மிஞ்சும் தெளிநீரான சீரத்தைப் பிரிக்க வேண்டும் என்று கறாராக விதி வைத்தார்கள். உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்தால் அதே ஆளுக்கு அளவு குறைவாக வரும். மே மாத மதியத்தில் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து டூவீலரில் ஆய்வகத்துக்குப் போகும் குழாயை நினைத்துப் பாருங்கள். அந்த முடிவை வைத்து ஒருவரின் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ எனக்குத் துணிவு வராது. குழாயில் அதிகம் கக்குவதே அந்த அணுக்கள் ஏற்கெனவே உசுப்பப்பட்டிருப்பதன் அடையாளம் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லாக் குழாயையும் ஒரே மாதிரி கையாளும் இடத்தில்தான் அந்த வாதம் செல்லும். புகைப்பவர்களுக்கும் இ.சி.பி. உயர்ந்திருக்கலாம். போதாததற்கு இது பலமான நேர்மின்சுமை கொண்டது, தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இதே துகள்களிலிருந்து வரும் உடன்பிறப்பான இ.டி.என். அவ்வளவு ஒட்டுவதில்லை, எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

சரி, வெறும் எண்ணிக்கைக்கே திரும்புவோமா? மலிவு, எங்கும் கிடைக்கும். மைக்ரோலிட்டருக்கு 150, 300 என்ற எல்லைகளை வைத்துத்தான் மெபோலிசுமாப் போன்ற விலையுயர்ந்த ஆஸ்துமா ஊசிகள் யாருக்குப் பலிக்கும் என்று இன்று முடிவு செய்கிறார்கள். அதற்கும் குறை உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் சில மணி நேரத்தில் எண்ணிக்கை சரிந்துவிடும். குடல்புழு இருந்தால் ஏறும். யானைக்கால் புழுவுக்கு உடல் மிகையாக எதிர்வினை காட்டும் நுரையீரல் நோயில் 3000-ஐத் தாண்டும். இரவு இருமலும் இழுப்பும் ஆஸ்துமா போலவே இருக்கும். தமிழ்நாட்டு மருத்துவர் இதை மறக்க முடியாது, ஏனென்றால் அதற்கு மருந்தே வேறு. இந்த இடத்தில் இ.சி.பி.யும் உதவாது. புழு நோயிலும் அது உயரும்.

சளியில் ஈசினோஃபிலை எண்ணுவது இவற்றைவிட நேர்மையான வழி, நோய் இருக்கும் இடத்திலேயே பார்க்கிறோம் அல்லவா? இங்கிலாந்தின் லெஸ்டரில் 74 பேரை ஓராண்டு கவனித்து 2002-ல் வெளியான ஆய்வில், சளி எண்ணிக்கையைப் பார்த்து மருந்து கொடுத்தவர்களுக்குக் கடுமையான தாக்குதல்கள் 35. வழக்கமான முறையில் 109. ஆனால் உப்புநீர் ஆவி கொடுத்துச் சளி வரவழைக்கவும் அதைப் படிக்கவும் பழகிய கை வேண்டும். மூச்சில் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் ஃபீனோ சுலபம், எண்ணிக்கைக்கு நல்ல துணை. ஒவ்வாமைக்கான எதிர்ப்புரதமான ஐ.ஜி.ஈ.யின் மொத்த அளவை இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். அது ஒவ்வாமை வரும் இயல்பைச் சொல்லும், இன்றைய அழற்சியைச் சொல்லாது.

அப்புறம் டிரிப்டேஸ். இது ஒவ்வாமையைக் கிளப்பும் இன்னொரு வகை அணுவான மாஸ்ட் செல்லின் புரதம், பதில் சொல்லும் கேள்வியும் வேறு. ஊசி போட்டதும், குளவி கொட்டியதும் ஒருவர் சுருண்டு விழுந்தால், அது அனாபிலாக்சிஸ் என்ற உயிருக்கே ஆபத்தான திடீர் ஒவ்வாமைதானா என்று கேட்க வேண்டிய இடம். ஓரிரு மணி நேரத்தில் உச்சம் தொடும், நான்கு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஆனால் அந்த ஒரு எண் போதாது. குறைந்தது 24 மணி நேரம் கழித்து, எல்லாம் அடங்கிய பின் இன்னொரு முறை எடுத்து, அதை 1.2 ஆல் பெருக்கி 2 கூட்ட வேண்டும். முதல் அளவு அதை எட்டினால் மாஸ்ட் செல்கள் வெடித்திருக்கின்றன. வழக்கமான அளவு 5 உள்ளவருக்கு 8 வந்தாலே போதும். ஆய்வகத் தாளில் 11.4 வரை "நார்மல்" என்றுதான் அச்சிட்டிருக்கும்! உணவால் வரும் அனாபிலாக்சிஸில் பல சமயம் டிரிப்டேஸ் ஏறுவதே இல்லை என்பதால், அளவு சாதாரணமாக இருந்தாலும் நோயை மறுத்துவிடக் கூடாது. இரண்டாம் ரத்தம் எடுக்காமலே வீட்டுக்கு அனுப்பினால், நீங்களே கேட்டு வாங்குங்கள்.