வாட்டர் வாஷ் கடையில் லேபிள் இல்லாத கேனைக் கண்டால் சாவியைக் கொடுக்காதீர்கள்

கருப்பு நிற கார், வாங்கி எட்டே மாதம். சென்னைப் புறநகரில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் "ஃபோம் வாஷ், உப்புக்கறை எடுக்குறது, டெஃப்லான் கோட்டிங்" எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். காலையில் விட்ட வண்டி மதியத்துக்குள் திரும்பிவிட்டது. அன்றைக்குப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்கியது. வீட்டில் மூன்று முறை கழுவியதும் பூசியது அத்தனையும் கரைந்தது. பானெட் முழுக்க சிலந்தி வலை போல வட்டக் கீறல். ஜன்னலைச் சுற்றியுள்ள அலுமினியப் பட்டையில் பால் கொட்டியது போல வெள்ளைத் திட்டு. பின் கண்ணாடியில் எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாத மங்கல். உரிமையாளர் திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "போர் தண்ணில கழுவுனீங்கன்னா இப்படித்தான் சார் ஆகும்" என்றார்களாம். கையில் பில் இல்லை, ஒரு விசிட்டிங் கார்டு மட்டும்.

இந்தச் சேதம் ஒரே பொருளால் வந்ததில்லை. நாலு பொருள், நாலு விதமாகக் கெடுத்திருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால்தான் அடுத்த முறை எதைக் கேட்க வேண்டும் என்பது புரியும்.

முதலில் ஃபோம். நல்ல கார் ஷாம்பூவின் பி.எச். அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) 6-லிருந்து 8-க்குள் இருக்கும். பல கடைகளில் பீய்ச்சுவது 50 லிட்டர் கேனில் லூசில் வரும் திரவம். அழுக்கு சீக்கிரம் இறங்க வேண்டும் என்று அதில் காஸ்டிக் சோடாவோ சலவை சோடாவோ கலந்திருப்பார்கள். அதன் பி.எச். 11-க்கு மேலே போகும். கம்பெனியில் அடித்த பெயின்ட்டின் மேலிருக்கும் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, இதை ஓரளவு தாங்கும். முதலில் அடிவாங்குவது சுற்றியிருப்பவைதான். அலுமினியத்தின் மேலுள்ள காப்புப் படலத்தைக் காரம் கரைத்துவிடும். அந்த வெள்ளைத் திட்டு இப்படி வந்ததுதான். வெயிலில் நின்ற கருப்பு பானெட் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதன் மேல் இந்த நுரை காய்ந்தால் பெயின்ட்டிலும் கறை பதிந்துவிடும்.

வீட்டில் துணி துவைக்கும் பவுடரைப் போட்டுக் கழுவுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அதிலும் சோடாதான் இருக்கிறது, பி.எச். 10-ஐ ஒட்டி நிற்கும். பாத்திரம் கழுவும் லிக்விட் பெரும்பாலும் நடுநிலையானது. ஆனால் அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்யப்பட்டது என்பதால் வண்டி மேலிருக்கும் வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். ஒரு தடவைக்குப் பெயின்ட் கெட்டுவிடாது. வாரா வாரம் அதையே பயன்படுத்தினால் பாதுகாப்புப் பூச்சு எதுவும் நிற்காது.

இரண்டாவது, உப்புக்கறைக்குப் போட்ட "ஆசிட்". எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தொட்ட உடனே கறை மாயமாகிறது என்றால் சந்தேகப்படுங்கள். இப்படி விற்கப்படும் சில திரவங்களில் அமோனியம் பைஃப்ளோரைடு இருக்கும். தண்ணீரில் கலந்ததும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமாக வேலை செய்யும். அது கண்ணாடியையே அரிக்கக் கூடியது. பின் கண்ணாடி மங்கலானது கறையால் இல்லை, கண்ணாடியின் மேற்பரப்பே கரைந்ததால். வண்டியை விடுங்கள், அதைக் கையுறை இல்லாமல் தேய்க்கும் பையனின் விரல்களை நினைத்துப் பாருங்கள். படும்போது பெரிதாக எரியாது. சில மணி நேரம் கழித்து நகக்கண்ணுக்குள் வலி எடுக்கும், தோலுக்கு அடியில் திசுவை அரித்துக்கொண்டே போகும். அப்படிப் பட்டுவிட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்ன திரவம் பட்டது என்று சொன்னால் கால்சியம் குளூகோனேட் ஜெல் வைத்து சிகிச்சை தொடங்குவார்கள். அலாய் வீலுக்கு பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிற கடைகளும் இருக்கின்றன. அங்கே வீல், பிரேக் பாகங்கள் இரண்டுமே அரிபடும்.

மூன்றாவது, துணி. பனியன் வேஸ்ட். அதே துணியால் சக்கரத்தைத் துடைத்துவிட்டு பானெட்டுக்கு வருவார்கள். அதில் ஒட்டிய மணல் துகள்தான் அந்த வட்டக் கீறல்களைப் போட்டது. எந்த விலை உயர்ந்த ஷாம்பூவும் இதைத் தடுக்காது.

நாலாவது, அந்த "டெஃப்லான் கோட்டிங்". டெஃப்லான் எனப்படும் பி.டி.எஃப்.இ. உருகுவது 327 டிகிரி செல்சியஸில். தோசைக்கல்லில் அது பிடிப்பதற்குக் காரணம், அந்தச் சூட்டையும் தாண்டி அதைச் சுட்டெடுப்பதுதான். கார் பெயின்ட்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் பெயின்ட்டே மிஞ்சாது. ஆகவே கடையில் பஃபிங் மெஷினில் தேய்ப்பது, பெயர் என்னவாக இருந்தாலும், பாலிஷும் வேக்ஸும்தான். அதிலுள்ள சிலிகான் எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும், கழுவக் கழுவ வெளியேறும், கீறல் திரும்பத் தெரியும். தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைக் காட்டி "பாருங்க சார் கோட்டிங்" என்பார்கள். நூறு ரூபாய் வேக்ஸிலும் தண்ணீர் அப்படித்தான் நிற்கும்.

செராமிக் என்று சொன்னாலும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். கழுவி, இரும்புத் துகள் நீக்கி, கீறலைப் பாலிஷ் செய்து, ஆல்கஹாலால் துடைத்து, பேனல் பேனலாகப் பூசி, குறைந்தது ஒரு நாள் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் சாவி கொடுத்தால் அது செராமிக் கோட்டிங் இல்லை. "9எச், கல்லால் கீறினாலும் விழாது" என்பதையும் நம்பாதீர்கள். 9எச் என்பது பென்சில் முனையால் செய்யும் கடினச் சோதனையின் அளவு, கல்லோடு அதற்குச் சம்பந்தமில்லை.

வண்டியை எடுக்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் சுத்தமான தண்ணீரும் சம அளவு கலந்து, பானெட்டில் ஒரு சாண் இடத்தை மைக்ரோஃபைபர் துணியால் இரண்டு முறை துடைத்து, ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பக்கத்து இடத்தில் இல்லாத கீறல் இங்கே தெரிந்தால், பூசி மறைத்திருக்கிறார்கள். மறுபெயின்ட் அடித்த பேனலில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், சில மலிவு பெயின்ட் ஆல்கஹாலுக்கு இளகும்.

கழுவும் முன்பே சோதிக்க பி.எச். தாள் போதும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். ஷாம்பூவின் நிறம் தாளின் நிறத்தோடு குழம்பும் என்பதால், ஒரு ஸ்பூன் ஷாம்பூவை அரை டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து தாளை முக்குங்கள். 9-க்கு மேலோ 5-க்குக் கீழோ காட்டினால் வண்டியில் படவிடாதீர்கள். ஒன்று கவனம்: ஹைட்ரோஃப்ளோரிக் வகையின் ஆபத்தை இந்த எண் காட்டாது. மிதமான அமிலம் போல 3, 4 என்று காட்டுவதும் கண்ணாடியையும் விரலையும் அரித்துவிடும். அதனால் லேபிளைக் கேளுங்கள். பாக்கெட்டில் விற்கும் எந்தப் பொருளிலும் தயாரிப்பாளர் முகவரி, அளவு, தயாரித்த மாதம், விலை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்றுமே இல்லாத கேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வீட்டில் கழுவ இரண்டு பக்கெட் வேண்டும், ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். லேபிளில் 1:200 என்றிருந்தால் 10 லிட்டருக்கு 50 மி.லி. தான், கூடுதலாக ஊற்றினால் வழுவழுப்பு போகவே நேரமாகும். முதலில் வெறும் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கி, மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையிலிருந்து கீழ்நோக்கி வரவும். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் முக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. வெயிலில் வேண்டவே வேண்டாம். மிச்சமாகிறதே என்று ஆர்.ஓ. கழிவு நீரில் கழுவுகிறவர்கள் நிறைய. அது வந்த தண்ணீரைவிட உப்புக் கூடியது. முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசி அலசல் அதில் கூடாது. கடைசியில் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் ஊற்றி, காய்வதற்குள் துடைத்துவிட்டால் உப்புக்கறைப் பிரச்சினையே பாதி குறையும்.

ஏற்கெனவே படிந்த உப்புக்கறைக்குக் கடையில் விற்கும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. நிழலில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, ஒன்றிரண்டு நிமிடம் ஈரத்துணியால் ஒற்றி வைத்து, அலசி, ஷாம்பூ போட்டுக் கழுவவும். பார்க்கிங் கூரையிலிருந்து சொட்டிய சிமென்ட் கறைக்கும் இதுவே. பறவை எச்சத்தை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள். தார் புள்ளிக்கு பெட்ரோல், தின்னர் வேண்டாம், தார் நீக்கி என்றே கிடைக்கிறது. கழுவிய பின் அடியில் டீசல் பீய்ச்சட்டுமா என்று கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். ரப்பர் புஷ் டீசலில் ஊதிப்போகும், தூசியும் அப்பிக்கொள்ளும்.

இப்படி ஏமாந்தவர்கள் கழுவும் முன் போட்டோ, பின் போட்டோ, பணம் அனுப்பிய யூ.பி.ஐ. பதிவு, கடைக்காரரின் வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். பில் தர மறுத்தால் இவைதான் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அந்தக் கருப்பு காரின் வட்டக் கீறல்களை நல்ல பாலிஷரால் எடுத்துவிடலாம். ஆனால் கிளியர் கோட் மொத்தமே சுமார் 35-லிருந்து 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரான் தேயும். அதனால் பெயின்ட் தடிமனை மீட்டர் வைத்து அளக்காதவரிடம் விடக் கூடாது. அலுமினியப் பட்டையை மாற்றத்தான் வேண்டும். பின் கண்ணாடிக்கு சீரியம் ஆக்சைடு என்ற கண்ணாடி பாலிஷ் பொடி வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். அரிப்பு ஆழமாக இருந்தால் அதுவும் புதிதுதான்.